மாடிவீட்டு மாரிச்செல்வி

பொழுது விடியும்போதே பூண்டு பொரியும் மணம் மாடிப்படி வழியாக எங்கள் வீட்டுக்குள் இறங்கி வந்துவிடும். நசுக்கிய பூண்டை எண்ணெயில் சிவக்க விட்டு, முந்தின நாள் சோற்றை அதில் கொட்டிக் கிளறி, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் அவளுக்குக் காலைச் சாப்பாடு முடிந்தது. முதல் ஷிப்டு பஸ்ஸுக்கு நடக்கிறவர்களில் யாராவது ஒருவர் தலையைத் தூக்கி எங்கள் மாடியைப் பார்த்து, "காலங்காத்தாலயே கறி ஆக்குறா பாரு" என்று சொல்லாமல் தாண்டிப் போனதில்லை. அது வெறும் பூண்டும் பழைய சோறும்தான் என்று அம்மா பலரிடம் சொல்லிப் பார்த்தாள். பால் ஊற்றுகிறவர் ஒருநாள் அது நாய்க்கறியாக இருக்கும் என்றார். தெரு அதைத்தான் நம்பியது.

அவள் பிலிப்பைன்ஸ் தேசத்துக்காரி. ஒரகடம் போகிற வழியில் இருந்த ஒரு கம்பெனியில் செல்போனுக்குள் வைக்கிற பொடிப்பொடிப் பாகங்களைச் செய்தார்கள். அதே முதலாளிக்கு அவளுடைய ஊரிலும் ஒரு தொழிற்சாலை இருந்ததால், இங்கே புதிதாகப் போட்ட லைனில் பெண்பிள்ளைகளுக்கு வேலை பழக்க அவளை அனுப்பியிருந்தார்கள். பிள்ளைப்பாக்கத்தில் நிலம் விற்ற மற்றவர்களைப் போலவே என் அப்பாவும் விற்று, வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுத்து, "கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும்" என்று வாசலில் எழுதி வைத்திருந்தார். அப்படி வந்த முதல் ஆள் அவள். மாரிசெல் என்று பெயர் சொன்னாள். அம்மா அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "மாரிச்செல்வின்னு சொல்லு. நம்ம ஆத்தா பேர வச்சிகினு வந்துகிறா" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் மாரிச்செல்வி. எனக்கு மாரி அக்கா. அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. நான் ஐந்தாம் வகுப்பு. என் அக்கா சுமதி அவளைவிடக் கொஞ்சம் சின்னவள். அதே கம்பெனியில், அவள் பழக்கிய அதே லைனில், கான்டிராக்ட் வேலையில் இருந்தாள்.

அவளிடம் எல்லோரும் அன்பாக இருந்தார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். தெருப் பையன்கள் அவளைச் "சப்ப மூக்கி" என்றார்கள். முழங்காலுக்கு மேல் நிற்கும் கால்சட்டையோடு அவள் கடைக்குப் போனால், கடைக்காரர் சில்லறை தேடுவதுபோல் அவளை நிற்க வைத்துக்கொண்டே இருப்பார். அவளும் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. லைனில் அவள் கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் இருக்குமாம். உறை போடாத விரலால் பாகத்தைத் தொட்ட பெண்ணின் விரல் முட்டியில் அதைக்கொண்டு பட்டென்று தட்டுவாளாம். அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அந்த லைனில் பிறந்தது: "தொடாத", "பேசாத", "சீக்கிரம்", "கை பாரு". மற்றதெல்லாம் ஆங்கிலம். ஒருநாள் என் அக்காவின் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ அழகு சுமா. கறுப்பு போனா ரொம்ப அழகு" என்று சொல்லி, அவள் ஊர்ப் பப்பாளி சோப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அக்கா முகம் எரிய எரிய அதைத் தேய்த்துக்கொண்டாள். கோபப்படவில்லை, அவளைப் போல முன்முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

மாரி அக்காவின் மாலைகள் கொரியா நாட்டுத் தொடர்களால் ஆனவை. மடிக்கணினியைக் கட்டிலின் மேல் வைத்து, குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பாள். பணக்காரப் பையன் ஏழைப் பெண்ணுக்குக் குடை பிடித்தால் அழுவாள். அழுதுகொண்டே மாங்காயை உப்பில் தோய்த்துத் தின்பாள். கீழே ஓடும் ஆங்கில வரிகளை என் அக்கா எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். ஆனால் சில மாதங்களில் அவளும் சரியான இடத்தில் அழக் கற்றுக்கொண்டாள். பாடி முடித்ததும் மார்க் போடும் ஒரு மைக்கும் மாரி அக்காவிடம் இருந்தது. பழைய ஆங்கிலக் காதல் பாட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பாடி, தொண்ணூற்றுக்குக் குறையாமல் வாங்குவாள். ஆடி மாதத்தில் ஒருநாள் அம்மா அதில் அம்மன் தாலாட்டு பாடினாள். மைக் அவளுக்கு மிகக் குறைவாகப் போட்டது. மாரி அக்கா தரையில் விழுந்து புரண்டு சிரித்தாள். அம்மா அதற்குப் பிறகு அந்த மைக்கைத் தொடவில்லை.

எல்லாவற்றையும்விட அவளுக்கு உயிராக இருந்தது அழகிப் போட்டி. எங்கள் தெருவில் கிரிக்கெட்டுக்கு எப்படி உட்கார்வார்களோ அப்படி அவள் அதற்கு உட்கார்ந்தாள். அவளுடைய நாட்டுப் பெண் மேடைக்கு வந்தால் எழுந்து நின்றுவிடுவாள். ஞாயிறு சாயங்காலங்களில் மொட்டை மாடியில் எங்களுக்கு அந்த நடையைப் பழக்கினாள். தோளைப் பின்னால் தள்ள வேண்டும், தரையைப் பார்க்கக் கூடாது, கயிற்றின் மேல் போவதுபோல் ஒரு காலுக்கு நேர் முன்னால் மறுகால் விழ வேண்டும், திரும்பும்போது தலை கடைசியாகத் திரும்ப வேண்டும். மாடியின் விளிம்புக்கு வந்து ஊர்ப்பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். நான் "பிள்ளைப்பாக்கம்" என்று கத்தும்போது குரல் கீச்சிடும். என் அக்கா சொல்லும்போது எதிரே காலி மனையில் மாடு கட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த நடை அவளோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர்க் குடத்தோடு வரும்போதும் அப்படித்தான் வந்தாள். "மகாராணி வராங்கோ, வழி வுடு" என்பார் அப்பா.

வெளியே போவதென்றால் ஞாயிறு காலைதான். ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் போய், அவள் சர்ச்சில் முழங்காலிட்டிருக்கும்வரை நாங்கள் இருவரும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அங்கிருந்து பஸ் பிடித்துச் சென்னைப் பக்கத்தில் ஒரு மாலுக்குப் போவோம். அங்கே பொரித்த கோழி விற்கும் கடையில் சோறு கிடையாது என்பதை அவளால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கோழிக்குச் சோறு இல்லாமல் எப்படி என்று கேட்டு, வீட்டிலிருந்து டப்பாவில் வெறுஞ்சோறு கொண்டுவந்து, அந்தக் கண்ணாடிக் கடையில் பளபளக்கும் மேஜையின்மேல் திறந்து வைப்பாள். முதல் தடவை அக்கா வெட்கத்தில் வேறு மேஜைக்குப் போய்விட்டாள். பிறகு அவளே டப்பாவில் சோறு கட்ட ஆரம்பித்தாள். ஆறு மாதம் கழிந்ததும் கம்பெனியில் நன்றாக வேலை செய்கிறவர்களைப் பயிற்சிக்கு அவளுடைய ஊருக்கு அனுப்புவார்கள் என்றும், முதல் பெயராகச் சுமதியின் பெயரைத்தான் சொல்லப் போவதாகவும் மாரி அக்கா சொல்லியிருந்தாள். அக்கா பாஸ்போர்ட் வாங்கிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் விமான நிலையத்தை வெளியிலிருந்துகூட யாரும் பார்த்ததில்லை.

செப்டம்பர் பிறந்ததும் மாரி அக்கா மூங்கில் குச்சியும் வண்ணக் காகிதமும் வைத்து ஒரு பெரிய நட்சத்திரம் கட்டி, உள்ளே பல்பு போட்டு மாடிக் கைப்பிடியில் தொங்கவிட்டாள். அவர்கள் ஊரில் அந்த மாதமே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடுமாம். டிசம்பரில் ஊருக்குப் போவேன் என்று தினமும் சாயங்காலம் போனில் ஜுன்ஜுனிடம் சொல்வாள். ஜுன்ஜுன் அவளுடைய தம்பி, ஆறு வயதிருக்கும். வீடியோ காலில் முகத்தை மிக அருகில் கொண்டுவந்து மூக்கின் துவாரத்தைக் காட்டுவான். அவளை "ஆத்தே" என்று கூப்பிடுவான். அவர்கள் பாஷையில் ஆத்தே என்றால் அக்கா. என் அக்காவும் ஆங்கிலத்தில் அவனோடு பேசிப் பழகி, அவனுக்கு "சுமா ஆத்தே" ஆகிவிட்டாள். தன் போனிலிருந்தே நேராக அவனைக் கூப்பிடும் அளவுக்குச் சிநேகம்.

ஒருநாள் துணி காயப்போட வந்த அம்மாவின் காதில் அந்தக் கூப்பிடல் விழுந்தது. "இன்னா மாரிச்செல்வி, ஆத்தா ஆத்தான்னு கூவுது. உம்புள்ளையா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். நான் அதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னேன். மாரி அக்கா சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அம்மா கீழே போன பிறகு, என் அக்காவிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நான் அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்திருக்கலாம். ஜுன்ஜுன் அவளுடைய பிள்ளை. பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் பிறந்தவன். அவனுடைய அப்பன் கப்பல் வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. அவளுடைய தாய் அவனைத் தன் கடைசிப் பிள்ளை என்று ஊரில் சொல்லி, தானே வளர்த்தாள். அவன் பாட்டியை "நானாய்" என்று கூப்பிட்டான். அவர்கள் பாஷையில் அம்மா. அவனுக்கு விவரம் தெரியும் வயது வந்ததும் தானே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும், வேறு யார் வாயாலும் அவன் அதைக் கேட்கக் கூடாது என்றாள். "யார்கிட்டயும் சொல்லாத சுமா." என் அக்கா, எங்கள் வழக்கப்படி, என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். சத்தியத்தை மீறினால் அந்தத் தலை வெடித்துவிடும் என்று அவளே எனக்குச் சொல்லியிருந்தாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்தபோது அது நடந்தது. லைனில் ஒரு பெண்ணுக்குத் தூரமான நாள். கழிப்பறைக்குப் போகச் சூப்பர்வைசரிடம் கேட்டாள், அவர் பிரேக் வரட்டும் என்றார். மறுபடி கேட்டாள், மறுபடியும் அதையே சொன்னார். கடைசியில் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்து அழுதாள். அன்று மதியம் கேன்டீனில் சாப்பிட்ட பெண்கள் லைனுக்குத் திரும்பவில்லை. எல்லோரும் எழுந்து வெளியே வந்து மழையில் நின்றார்கள். சாயங்காலம்வரை நின்று, இனிமேல் அப்படி நடக்காது என்று ஒரு மேனேஜர் சொன்னதும் உள்ளே போனார்கள். அக்கா வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "அவ்ளோ பெரிய ஆளு எங்க முன்னாடி நின்னு சாரி சொன்னாருமா" என்றாள். அன்று மாரி அக்கா கீழே வந்து எங்களோடுதான் சாப்பிட்டாள். ரசத்தை இரண்டு தரம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை கேட்டில் அக்காவின் அட்டை வேலை செய்யவில்லை. செக்யூரிட்டி அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் வந்த மற்றவர்களை உள்ளே விட்டார். நின்று நின்று பார்த்துவிட்டு நடந்தே திரும்பி வந்தாள். பக்கத்துக் கம்பெனிகளிலும் அவள் பெயரைக் கேட்டதும் இடம் இல்லை என்றார்கள். லைனில் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் ஞாயிற்றுக்கிழமை வந்து விஷயத்தைச் சொன்னாள். கேன்டீன் கேமராவில் யார் முகமும் தெரியவில்லையாம். எல்லோரும் ஒரே கோட்டு, ஒரே தொப்பி, வெளியே போகையில் மாஸ்க்கும் போட்டிருந்தார்கள். முதலில் எழுந்து கூட்டத்துக்கு முன்னால் நடந்தவள் யார் என்று தெரிய வேண்டும் என்று பழக்குகிறவர்களை உட்காரவைத்துப் படத்தைப் போட்டார்களாம். "ஒங்க மாடில கீறாளே, அவதான் சொல்லிட்டா. நடைய பாத்தே சொல்லிட்டாளாம்."

அக்கா அழவில்லை. "அந்தப் படத்துல நான் நல்லா நடந்தனாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா அன்றே மாடியைக் காலி செய்யச் சொல்லலாம் என்றாள். அப்பா வேண்டாம் என்றார். "தொரத்தி வுட்டா வேற வூடு பாத்துகினு சொகமா பூடுவா. இங்கியே கெடக்கட்டும்." அப்பா எதைச் சொன்னார் என்று எனக்குச் சில நாட்களில் புரிந்தது. அவள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு மேல்தொட்டியில் தண்ணீர் இருக்காது. படி விளக்கின் பல்பு கழற்றப்பட்டது. காய்ந்த அவளுடைய துணிகள் கொடியிலிருந்து சேற்றில் கிடந்தன. காற்று என்று அம்மா சொன்னாள். அவள் படியிறங்கி வந்து "அம்மா" என்று கூப்பிட்டால், உள்ளே இருந்துகொண்டே யாரும் இல்லாததுபோல் இருந்தோம். எதிர்வீட்டுப் பையன்கள் கல் வீசி நட்சத்திரத்தைக் கிழித்தபோது அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதற்கும் சத்தம் போடவில்லை. தெருக்குழாயில் வரிசையில் நின்று, குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினாள். மாரிச்செல்வி என்ற பெயர் எங்கள் வீட்டில் நின்றுபோய், "அவ" ஆனாள்.

அக்கா மட்டும் இதில் எதிலும் சேரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். மணிமங்கலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அவளிடம் கேட்காமலே பேசி முடித்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றிய மறுநாள் மதியம், நான் அரைநாள் பள்ளி விட்டு வந்து பையை வைக்கும்போது, அவள் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து ஜுன்ஜுனைக் கூப்பிட்டாள். அவன்தான் எடுத்தான். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. ஓட்டையில் நாக்கை நுழைத்துக் காட்டினான். சுமா ஆத்தே ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டான். அக்கா அவனிடம் பல் எப்போது விழுந்தது, வலித்ததா என்றெல்லாம் விசாரித்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகு, மாரி அக்கா கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தில் நிதானமாக, மாரிசெல் உன் ஆத்தே இல்லை, அவள்தான் உன் நானாய் என்றாள். அவன் சிரித்தான். இவள் மறுபடி சொன்னாள். வீட்டில் இருக்கிறவள் உன் பாட்டி, போய்க் கேள் என்றாள். அவன் போனைக் கையில் பிடித்தபடியே ஓடினான். கூரையும் விசிறியும் ஒரு கதவும் குலுங்கிக்கொண்டு போயின. பிறகு ஒரு கிழவியின் முகம் வந்தது. அவளுக்குக் கோபமில்லை, பயம்தான் இருந்தது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், அழைப்பு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து பல நாட்கள் நான் என் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாலையில் மாரி அக்கா கம்பெனிப் பஸ்ஸிலிருந்து இறங்கி, மாடிக்குப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தாள். கழுத்தில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றவில்லை.

"ஏன் சுமா?" என்றாள்.

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நீ என்னக் காட்டிக் குடுத்த. நானும் காட்டிக் குடுத்தேன்."

மாரி அக்காவுக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மாரி அக்கா இரண்டு பாஷையையும் கலந்து திணறித் திணறிப் பேசினாள். மேனேஜர் கேட்டார். தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டார், நீயும் நானும் ஒன்றாகச் சுற்றுவது எல்லோருக்கும் தெரியும். சொல்லாவிட்டால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே என் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். நான் ஒரு பெயர்தான் சொன்னேன்.

"ஒரு பேரோ ஒம்பது பேரோ, எம்பொண்ணு பேரத்தான சொன்ன?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"ஜுன்ஜுன் சின்னப் பையன்" என்றாள் மாரி அக்கா.

"என் வேலயும் சின்ன வேலதான்" என்றாள் அக்கா. ஆய்ந்த கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதன்பின் அவள் எங்கள் மாடியில் இருந்த காலம் முழுவதும், சாயங்காலமானால் மேலிருந்து போன் பேசும் குரல் கேட்கும். பேச்சென்று சொல்ல முடியாது. அவன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லுவாள். கிழவி அவனைக் கூப்பிடுவதும், அவன் வரமாட்டேன் என்று எங்கோ தூரத்தில் கத்துவதும் போனிலிருந்து எங்களுக்கே கேட்டது. ஒருநாள் அவள் பாடிப் பார்த்தாள், அவர்கள் ஊர்த் தாலாட்டாக இருக்க வேண்டும். அம்மா எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

கம்பெனிக் கார் அவளை அழைத்துப் போக வந்த காலையில் அப்பாவும் அம்மாவும் வெளியே வரவில்லை. அவள் பெட்டியைப் படிப்படியாக இடித்து இறக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் பிடிக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். "தொடாத" என்றாள். கத்தவில்லை, லைனில் சொல்வதுபோல்தான் சொன்னாள். பெட்டியை ஏற்றிவிட்டு, ஒருதரமும் திரும்பாமல் காரில் ஏறிக்கொண்டாள். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையும் விழாமலே காலம் கடந்துபோனது.

இப்போது அந்த மாடியை நாலு அறைகளாகத் தடுத்து, ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்கு விட்டிருக்கிறோம். அவர்கள் கடுகெண்ணெயில் சமைக்கிறார்கள். தெரு அவர்களைப் பற்றியும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கம்பெனி கைமாறிவிட்டது, அந்த லைனையே பிரித்து வேறு எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். அன்று மழையில் நின்ற பெண்களில் ஒருத்தியைக்கூட எனக்கு இப்போது தெரியாது. எதிரே மாடு கட்டிய மனையில் லாரிகள் நிற்கின்றன. அக்கா மணிமங்கலத்தில் இருக்கிறாள். பல வருஷம் வீட்டிலேயே இருந்துவிட்டு, கான்டிராக்டர் ஒருவர் மூலமாக வேறொரு கம்பெனியில் சேர்ந்து, இன்று லைன் லீடர். அவளுடைய பையன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். மாடியிலிருந்து போனவளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

போன மாதம் போனில் எதையோ தேடப்போய், ஜுன்ஜுனின் ஃபேஸ்புக் பக்கம் அகப்பட்டது. உயரமாக வளர்ந்துவிட்டான், கூடைப்பந்து ஆடுகிறான். அந்தக் கிழவியின் தோளில் கை போட்டு நிற்கும் படங்கள் நிறைய இருந்தன. மாரி அக்கா எதிலும் இல்லை. கீழே கருத்து எழுதியவர்களிலும் தேடினேன், இல்லை. ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலம் போனபோது அதை அக்காவிடம் காட்டினேன். அவள் வாரம் முழுவதற்குமான யூனிபாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் கடைசிவரை பார்த்தாள். வாசலில் அவளுடைய பையன் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

"அன்னிக்கி அவ சொல்லலன்னா வேற எவளாவது என் பேரச் சொல்லியிருப்பா" என்றாள். "நான் சொல்லலன்னா அந்தப் புள்ளகிட்ட அவளத் தவிர யாருமே சொல்லியிருக்க மாட்டாங்க."